அக்கா ஏன் எழுந்து போனாள்? பிரிட்டிஷ் ஸ்லாப்ஸ்டிக் பற்றி ஓர் எளிய விளக்கம்

மிஸ்டர் பீன் தன் பிறந்தநாளுக்குத் தனியாக ஓர் உயர்தர உணவகத்துக்குப் போகிறார். தானே எழுதிய வாழ்த்து அட்டையை உறையில் போட்டு, தானே பிரித்து, யாரோ அனுப்பியதுபோல் வியந்து, மேசையில் நிறுத்தி வைக்கிறார். உணவுப் பட்டியலையும் கையிலிருக்கும் பணத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைக் கேட்கிறார். வந்து சேர்வது ஸ்டேக் டார்டார்: அரைத்த மாட்டிறைச்சி, சமைக்காமல், பச்சையாக. ஒரு வாய் வைத்ததும் முகம் கோணிப்போகிறது. ஆனால் பரிமாறுபவர் வந்து விசாரித்தால் பிரமாதம் என்பதுபோல் தலையை ஆட்டுகிறார். அவர் நகர்ந்ததும் அந்த இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒளிக்க ஆரம்பிக்கிறார். ரொட்டிக்குள், சர்க்கரைக் கிண்ணத்துக்குள், பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பைக்குள், வயலின் வாசிக்க வந்தவரின் கால்சட்டைக்குள்.

எங்கள் வீட்டில் இந்தக் காட்சி ஓடினால் அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். "முடிஞ்சதும் கூப்பிடு" என்று அங்கிருந்து குரல் வரும். சிரிப்பு வரவில்லை என்பதல்ல அவளுடைய பிரச்சினை. அவளால் அதைப் பார்க்கவே முடியவில்லை. மற்றபடி அவள் எங்கள் எல்லோரையும் விட நன்றாகக் கிண்டலடிப்பவள்.

அப்பாவுக்கு ரசனை போதாது என்று அக்காவும், அக்காவுக்கு நகைச்சுவை புரியாது என்று அப்பாவும் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. அப்பா ஒன்றைப் பார்க்கிறார், அக்கா வேறொன்றைப் பார்க்கிறாள். திரையில் இரண்டுமே இருக்கின்றன.

சரி, முதலில் அந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்.

ஸ்லாப்ஸ்டிக் என்பது உண்மையில் ஒரு பொருளின் பெயர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் முகமூடி அணிந்து நடித்த நாடகக் குழுக்களிடம் ஒரு மட்டை இருந்தது. மெல்லிய மரப்பட்டைகள் இரண்டைக் கைப்பிடியில் சேர்த்துச் செய்தது. எதிராளியின் முதுகில் லேசாகத் தட்டினாலே போதும், பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பளாரென்று சத்தம் எழும். இத்தாலியர்கள் அதைப் பட்டாச்சியோ என்றார்கள், ஆங்கிலேயர்கள் ஸ்லாப்ஸ்டிக் என்றார்கள். பிறகு அடி, உதை, வழுக்கல், விழுதல் என்று உடம்பை வைத்துச் செய்யும் நகைச்சுவை முழுவதற்கும் அந்தக் கருவியின் பெயரே ஒட்டிக்கொண்டது.

சத்தம் பெரிது, அடி சின்னது. அந்தக் கருவியின் சூட்சுமம் அவ்வளவுதான். சத்தம் யார் காதில் விழுகிறதோ அவர் சிரிப்பார். அடி யார் முதுகில் உறைக்கிறதோ அவர் முகம் சுளிப்பார். நான் சொல்ல வந்ததில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

இத்தாலியச் சரக்கு இங்கிலாந்துக்குப் போனதும் அங்கே வேறு உருவம் எடுத்தது. 1662 மே மாதம் லண்டன் கோவென்ட் கார்டனில் ஓர் இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததாக சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பொம்மைதான் நாளடைவில் மிஸ்டர் பஞ்ச் ஆனது. கூன் முதுகு, வளைந்த மூக்கு, கையில் தடி. மனைவியை அடிக்கும், போலீஸ்காரரை அடிக்கும், தூக்குப்போட வந்தவரையே ஏமாற்றித் தூக்கில் மாட்டும். கடற்கரை ஊர்களில் குழந்தைகளை மணலில் உட்காரவைத்து இதைத்தான் தலைமுறை தலைமுறையாகக் காட்டினார்கள். கதையாகச் சொன்னால் கொலைக் கதை. மரப்பொம்மை ஆடினால் குழந்தைகள் கைதட்டுகிறார்கள்.

இன்னொரு பக்கம் சட்டமும் உதவி செய்தது, தெரியாமல்தான். லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய இரண்டு அரங்குகளுக்கே முதன்மையாக இருந்தது. 1737இல் வந்த உரிமச் சட்டம் அந்தப் பிடியை இறுக்கியது, நாடகப் பிரதிகளுக்குத் தணிக்கையையும் கொண்டுவந்தது. அந்த ஏகபோகம் 1843 வரை நீடித்தது. மற்ற அரங்குகள் என்ன செய்யும்? பாட்டு, ஆட்டம், குட்டிக்கரணம், ஊமைக்கூத்து. வாயைக் கட்டினார்கள், உடம்பு பேசக் கற்றுக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் கிரிமால்டி என்ற கோமாளி லண்டனையே தன்வசம் வைத்திருந்தார். பிறகு மியூசிக் ஹால் என்னும் கேளிக்கை அரங்குகள் பெருகின. அங்கே ஃபிரெட் கார்னோ என்பவர் தணிக்கையின் தொல்லையைத் தவிர்க்க, வசனமே இல்லாத நகைச்சுவைத் துண்டுகளை அமைத்தார். 1910இல் அவருடைய குழு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது அதில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் சார்லி சாப்ளின். இன்னொருவர், சாப்ளின் நடிக்க முடியாத நாளில் அவருக்குப் பதிலாக நிற்கத் தயாராக இருந்த ஸ்டான் லாரல். அமெரிக்க மௌனப்படம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கலையில் ஒரு பெரும் பங்கு லண்டன் மேடைகளில் விழுந்து எழுந்து பழகியது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வரலாம். வழுக்கி விழுவது எந்த நாட்டிலும் வழுக்கி விழுவதுதானே? இதில் பிரிட்டிஷ் என்று தனியாக என்ன இருக்கிறது?

ஒரு காட்சியைப் பிரித்துப் பார்த்தால் புரியும். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' என்ற பிபிசி தொடரில் டெல் பாய் என்று ஒருவன். தெற்கு லண்டன் சந்தையில் எதையாவது விற்றுப் பிழைப்பவன், ஆனால் அடுத்த வருடம் கோடீஸ்வரன் ஆகிவிடுவோம் என்று சாதிப்பவன். 1989 ஜனவரியில் வந்த அத்தியாயத்தில், பணக்கார இளைஞர்கள் கூடும் ஒரு ஒயின் பாருக்குப் போகிறான். நீள மேல்கோட்டு, கையில் பெட்டி, பங்குச்சந்தையிலிருந்து நேராக வந்தவன் போன்ற பாவனை. கூடவே ட்ரிகர் என்ற நண்பன், மந்த புத்தி. தூரத்தில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள், அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று டெல் பாய் நண்பனுக்குப் பாடம் எடுக்கிறான். அதற்குள் மதுக்கூட ஊழியர் ஒருவர் மேசையின் தூக்கு பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். சற்று முன் டெல் பாய் சாய்ந்துகொண்டிருந்த பலகை அது. அவன் கவனிக்கவில்லை. ஒரு பெரிய மனிதனுக்குரிய நிதானத்தோடு மறுபடி சாய்கிறான். அங்கே ஒன்றுமில்லை. வெட்டிய மரம்போல் பக்கவாட்டில் சரிகிறான்.

டெல் பாயாக நடித்த டேவிட் ஜேசன் விழும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கை எதையும் தேடவில்லை. கால் தடுமாறவில்லை. தலை திரும்பவில்லை. விழப்போகிறோம் என்று உடம்புக்கே தகவல் போகவில்லை. தொடரை எழுதிய ஜான் சல்லிவன் நேரில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார். அந்த ஆள் தடுமாறிச் சமாளித்துவிட்டார். முழுவதுமாக விழ வேண்டும், அதுவும் எதையும் பிடிக்காமல் விழ வேண்டும் என்பது ஜேசனின் சேர்க்கை. அந்தக் கணத்தில் ட்ரிகர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். திரும்பினால் நண்பனைக் காணோம். வாசல் பக்கம் பார்க்கிறான். டெல் பாய் தரையிலிருந்து எழுந்து வருகிறான், முகத்தில் அதே பெரிய மனிதத் தோரணையை ஒட்டவைத்துக்கொண்டு, குடித்து முடி, கிளம்பலாம் என்கிறான்.

விழுவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்கு முன்னால் கட்டிய பாவனையும், அதற்குப் பின்னால் அந்தப் பாவனையைக் காப்பாற்றப் படும் பாடும்தான் மீதியெல்லாம். பிரிட்டிஷ் ஸ்லாப்ஸ்டிக்கின் தனி வாசனை என்று நான் நினைப்பது இதைத்தான். விழுவது முக்கியமில்லை. விழவே இல்லை என்பதுபோல் காட்டிக்கொள்வது முக்கியம். பேச்சின் தொனியை வைத்தே ஆளின் வர்க்கத்தை எடைபோடும் சமூகம் அது. அங்கே எலும்பு முறிவதை விட மானம் போவது பெரிய விபத்து. பீன் அந்த உணவகத்தில் "எனக்கு இது வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காட்சியே கிடையாது. சொல்ல முடியாது, அதுதான் விஷயம். பீன் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்: தேவாலயம், தேர்வுக்கூடம், உணவகம். எல்லாமே சத்தம் போடாமல் ஒழுங்காக உட்கார வேண்டிய இடங்கள்.

இங்கேதான் அப்பாவும் அக்காவும் பிரிகிறார்கள். அப்பா ஒளிக்கும் தந்திரத்தைப் பார்க்கிறார். அடுத்தது எங்கே ஒளிப்பான்? வயலின்காரர் குனிகிறாரே, போச்சு! அக்கா மாட்டிக்கொள்ளப்போகும் மனிதனைப் பார்க்கிறாள். அந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்தவர் அவமானத்துக்கு நாம் கூசிப்போகும் இந்த உணர்வுக்கு ஜெர்மன் மொழியில் ஃப்ரெம்ட்ஷேமன் என்று தனிச்சொல்லே இருக்கிறது. 2011இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சிலர், பிறர் அசிங்கப்படும் சூழ்நிலைகளை ஆட்களுக்குக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். பிறர் உடல்வலியைக் காணும்போது வேலைசெய்யும் அதே பகுதிகள் இதற்கும் விழித்துக்கொண்டன. அதோடு இன்னொன்று. அசிங்கப்படுபவருக்கே தான் அசிங்கப்படுவது தெரியாவிட்டாலும், பார்ப்பவருக்குக் கூச்சம் வருகிறது. பீனுக்கு வெட்கமே கிடையாது. அவருடைய பங்கு வெட்கத்தையும் சேர்த்து அக்கா படுகிறாள்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தவர்கள் பலர். நம் பக்கம் தொல்காப்பியம் நான்கு ஊற்றுகளைச் சொல்கிறது: "எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப." இகழ்ந்து சிரிப்பது, குழந்தைத்தனம் கண்டு சிரிப்பது, அறியாமை கண்டு சிரிப்பது, மடமை கண்டு சிரிப்பது. ஒரே பீனை ஒருவர் இளமை என்று பார்க்கிறார், இன்னொருவர் எள்ளல் என்று பார்க்கிறார். நடித்த ரோவன் அட்கின்சன் பீனை வளர்ந்த உடம்புக்குள் இருக்கும் குழந்தை என்றே விளக்கியிருக்கிறார். குழந்தை என்று எடுத்துக்கொண்டால் அந்தச் சுயநலமும் அற்பத்தனமும் மன்னிக்கப்பட்டுவிடும். நாற்பது வயது ஆண் என்று எடுத்துக்கொண்டால் பக்கத்து மேசையில் உட்காரவே பயமாக இருக்கும். சிறுவர்கள் பீன்மேல் உயிரை விடுவதும், சில பெரியவர்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல் வருவதும் இதனால்தான். தங்களைப் போல ஒருவன் பெரியவர்களின் உலகத்தில் தப்பித் திரிகிறான் என்பது சிறுவர்களின் கணக்கு.

மேற்கே பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். உயிருள்ள மனிதன் எந்திரம்போல் நடந்துகொள்ளும்போது சிரிக்கிறோம் என்பது அவர் கொள்கை. டெல் பாய் சரிவது அப்படித்தான், பொம்மையைத் தட்டிவிட்டதுபோல. சிரிப்பதற்கு நெஞ்சு ஒரு நொடி மரத்துப்போக வேண்டும் என்றும் அவர் சொன்னார். அது எனக்கு இன்னும் பிடித்த கருத்து. பல்மருத்துவர் போடும் மரப்பு ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குப் போட்ட உடனே மரத்துவிடும், சிலருக்கு இரண்டு ஊசி போட்டாலும் வலி தெரிந்துகொண்டே இருக்கும். 2010இல் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே கிட்டத்தட்ட ஒரு சூத்திரமாக்கினார்கள்: ஏதோ ஒன்று ஒழுங்கு மீற வேண்டும், ஆனால் அந்த மீறல் ஆபத்தில்லாதது என்று அதே நேரத்தில் தோன்ற வேண்டும். மீறலே இல்லையென்றால் சப்பென்று இருக்கும். ஆபத்து என்று தோன்றிவிட்டால் சிரிப்பு செத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு ஆளுக்கு ஆள் வேறு.

அடி வாங்குவது யார் என்பதை வைத்தும் அந்த இடுக்கு சுருங்கும், விரியும். இதற்கு 'ஃபால்ட்டி டவர்ஸ்' போல் நல்ல உதாரணம் கிடையாது. 1975இல் ஆறு, 1979இல் ஆறு என்று மொத்தமே 12 அத்தியாயங்கள். எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கோனி பூத்தும். டார்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறு ஹோட்டல். அதன் முதலாளி பேசில் ஃபால்ட்டிக்குத் தன் விருந்தினர்களைக் கண்டாலே ஆகாது, உயர்குடி ஆட்கள் யாராவது வரமாட்டார்களா என்று ஏக்கம். கிளீஸ் தன் நகைச்சுவைக் குழுவினருடன் 1970இல் அதே ஊரில் தங்கிய ஒரு ஹோட்டலின் முதலாளிதான் இதற்கு மூலம். கத்தியையும் முள்கரண்டியையும் பிடிக்கும் விதத்துக்கே விருந்தினரைக் கடிந்துகொண்டவராம்.

ஓர் அத்தியாயத்தில் பேசிலின் கார் நடுத்தெருவில் நின்றுவிடுகிறது. ஹோட்டலில் முக்கியமான விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள். பேசில் காரைத் திட்டுகிறார், மூன்று எண்ணுவதற்குள் கிளம்பு என்று எச்சரிக்கிறார், எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்குக் கேட்கிறார். பிறகு சட்டகத்தை விட்டு ஓடுகிறார். கேமரா அசையாமல் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. திரும்பி வரும்போது கையில் ஒரு மரக்கிளை. அதை வைத்துக் காரை விளாசு விளாசென்று விளாசுகிறார். இதைப் பார்த்துச் சிரிக்காதவரை நான் கண்டதில்லை. அக்கா உட்பட. (மனிதன் எந்திரமானால் சிரிப்பு என்றார் பெர்க்சன். இங்கே எந்திரம் மனிதனாகி உதை வாங்குகிறது. அதுவும் வேலை செய்கிறது.)

அதே பேசில், அதே ஆத்திரம், ஆனால் அடி விழுவது மானுவல் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானுவல் பார்சிலோனாவிலிருந்து வந்த பரிமாறும் ஊழியர். ஆங்கிலம் வராது, எல்லாவற்றுக்கும் "கே?" என்பார். தலையில் தட்டு, காதில் திருகு, கரண்டியால் ஒன்று. பலர் குலுங்கிச் சிரித்தார்கள். சிலருக்கு இங்கே தொண்டையில் ஏதோ சிக்கிக்கொள்ளும். கார் அழாது, மானுவலுக்கு வலிக்கும். அதிலும் நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ மொழி தெரியாத ஊரில் எடுபிடி வேலை பார்த்திருந்தால் மானுவல் உங்களுக்குக் கோமாளி அல்ல. மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்தவர், யூதத் தந்தையின் மகன், 1938இல் நாஜிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோடு லண்டன் வந்தவர். படப்பிடிப்பில், பேசிலாக நடித்த கிளீஸ் ஒருமுறை அவரை நிஜமாகவே உலோக வாணலியால் அடித்துவிட்டார். இத்தாலியர்களின் மட்டை இதற்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஸ்பெயினில் இந்தத் தொடரை மொழிமாற்றியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? மானுவலை இத்தாலியன் ஆக்கிப் பாவ்லோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கத்தலான் மொழியிலோ அவர் மெக்சிகோக்காரர். அடி அதேதான். வாங்குகிறவன் நம்மவனாக இருந்தால் சிரிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை அல்பேனியாவில் நடந்தது. நார்மன் விஸ்டம் 1950களில் பிரிட்டனில் பெரிய நட்சத்திரம். உடம்புக்குப் பத்தாத கோட்டு, கோணல் தொப்பி, போகுமிடமெல்லாம் எதையாவது உடைத்து முதலாளியிடம் திட்டு வாங்கும் பிட்கின் என்ற பாத்திரம். என்வர் ஹோஜாவின் கம்யூனிச ஆட்சியில் அல்பேனியாவில் மேற்கத்தியப் படங்களுக்குத் தடை, ஆனால் விஸ்டம் படங்கள் அனுமதிக்கப்பட்டன. சின்னத் தொழிலாளி முதலாளிகளோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறான், வேறென்ன வேண்டும்! பிரிட்டனில் விமர்சகர்கள் அசட்டுத்தனம் என்று ஒதுக்கிய படங்கள் அங்கே ஒரு நாட்டின் சொந்தச் சொத்தாகிவிட்டன. 1995இல் விஸ்டம் அங்கே போனபோது பெரும் கூட்டம் வரவேற்றது. 2001இல் திரானாவில் இங்கிலாந்தும் அல்பேனியாவும் மோதிய கால்பந்துப் போட்டிக்குப் பாதி இங்கிலாந்து, பாதி அல்பேனியா என்று தைத்த சட்டையில் மைதானத்தில் இறங்கினார். கீழே இருப்பவன் விழுந்தாலும், மேலே இருப்பவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தால் சிரிப்புக்குத் தடை இல்லை.

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் பென்னி ஹில்லின் கதை நாட்டை வைத்து மாறவில்லை, காலத்தை வைத்து மாறியது. வேகமாக ஓட்டிய படம், துள்ளலான சாக்ஸபோன் இசை, அரைகுறை ஆடைப் பெண்களும் வழுக்கைத் தலைக் கிழவரும் ஓடும் துரத்தல். உலகம் முழுக்க ஓடிய நிகழ்ச்சி. 1980களில் இளம் பிரிட்டிஷ் நகைச்சுவையாளர்களே இது பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்றார்கள். ஓடுபவர் பென்னி, துரத்துபவர்கள் பெண்கள், அவர்தானே கேலிக்கு ஆளாகிறார் என்று ரசிகர்கள் வாதாடினார்கள். 1989இல் தேம்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. எனக்கு அந்த வாதம் பாதிதான் செல்லும். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது வேறு, கேமரா எதைத் துரத்துகிறது என்பது வேறு.

ஸ்லாப்ஸ்டிக் என்றால் மொழி வேண்டாம், எல்லோருக்கும் புரியும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. அட்கின்சனே இதைச் சோதித்துப் பார்த்தவர். 1987இல் மாண்ட்ரியல் நகைச்சுவை விழாவில், ஆங்கில நிகழ்ச்சியை விட்டுவிட்டு வேண்டுமென்றே பிரெஞ்சு மொழி நிகழ்ச்சியில் இந்தப் பாத்திரத்தைப் போட்டார். வார்த்தையே இல்லாமல் எடுபடுகிறதா என்று பார்க்கத்தான். எடுபட்டது. 1990 ஜனவரி 1இல் தொலைக்காட்சிக்கு வந்த பீன், மொத்தம் 15 அத்தியாயங்களிலேயே உலகத்தைச் சுற்றிவிட்டார். ஆனால் டெல் பாய் அப்படிச் சுற்ற முடியாது. அந்தக் கோட்டு, அந்தப் பெட்டி, அந்த ஒயின் பார், பிரதமர் தாட்சர் காலத்துப் பண மோகம், இவையெல்லாம் தெரியாதவருக்கு அது ஓர் ஆள் விழுகிற காட்சி மட்டுமே. பிரிட்டனில் இன்றும் பேசப்படும் அந்த விழுகையைத் துண்டாக வெட்டி வெளிநாட்டு நண்பரிடம் காட்டினால், "ம், சரி" என்பார். அவர்மேல் குற்றமில்லை. பாவனையைப் பார்க்காதவருக்கு அது உடைவது எப்படித் தெரியும்?

சிரிப்பில் பழக்கத்துக்கும், கூட இருப்பவர்களுக்கும்கூடப் பங்கு உண்டு. 'டின்னர் ஃபார் ஒன்' என்ற 18 நிமிட ஆங்கில நகைச்சுவைத் துண்டை ஜெர்மனியின் என்டிஆர் தொலைக்காட்சி 1963இல் பதிவுசெய்தது. மிஸ் சோஃபிக்கு 90ஆவது பிறந்தநாள் விருந்து. அழைக்கப்பட்ட நான்கு நண்பர்களும் எப்போதோ இறந்துவிட்டார்கள். அதனால் வயதான பணியாள் ஜேம்ஸ் நான்கு பேருக்கும் மது ஊற்றி, நான்கு பேருக்காகவும் தானே குடிக்கிறார். நான்கு சுற்று உணவு, சுற்றுக்கு நான்கு கிண்ணம். போகும்போதும் வரும்போதும் தரையில் கிடக்கும் புலித்தோலின் தலை தடுக்குகிறது. மொத்தம் 11 தடவை. இந்தத் துண்டின் மிகச் சிறந்த சிரிப்பு, ஒரு கட்டத்தில் அவர் தடுக்காமலே கடந்துவிடுவதுதான். அவருக்கே ஆச்சரியம். ஜெர்மானியர்கள் இதை ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும், ஆங்கிலத்திலேயே, குடும்பத்தோடு பார்க்கிறார்கள். நடித்த ஃபிரெடி ஃபிரின்டனும் மே வார்டனும் ஆங்கிலேயர்கள். ஆனால் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இது முதன்முதலாக வந்தது 2018 கடைசி நாளில். அவ்வளவு காலமும் பெரும்பாலான பிரிட்டிஷ்காரர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எது அடுத்து வரும் என்று அந்த ஜெர்மானியக் குடும்பத்துக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே சிரிக்கிறார்கள், சேர்ந்து சிரிக்கிறார்கள். தனியாக இருக்கும்போதை விடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிப்பதாக ராபர்ட் பிரோவைன் என்ற உளவியலாளர் கணக்கெடுத்திருக்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, தனியாக, கைப்பேசியில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்லாப்ஸ்டிக் பார்த்துவிட்டு "சிரிப்பே வரலை" என்பவரிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்: கூட யார் இருந்தார்கள்?

புதிதாகப் பார்க்கப் போகிறவருக்கு ஒரே ஒரு யோசனை. பீனில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கூச்சம் அதிகம் உள்ளவருக்கு அவர் கடினமான வாசல், ஏனென்றால் அவமானத்தை நிமிடக் கணக்கில் இழுப்பார். வலியைத் தாங்காதவர் மானுவலைத் தள்ளிவைத்துவிட்டுக் காரில் தொடங்கலாம். முரட்டு அடிதடிதான் வேண்டும் என்பவருக்கு ரிக் மயால், ஏட் எட்மண்ட்சன் ஜோடி வாணலியும் கையுமாக 1990களில் நடித்த 'பாட்டம்' இருக்கிறது. அதை அப்பாவாலேயே ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. அவருக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று தெரிந்ததில் அக்காவுக்கு ஏக சந்தோஷம்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது அக்காவை உட்காரவைத்து டெல் பாய் அத்தியாயத்தைப் போட்டேன். துண்டாக இல்லை, ஆரம்பத்திலிருந்து. பலகையைத் தூக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையணையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். டெல் பாய் விழுந்த சத்தம் கேட்டது, அப்பா ஓவென்று சிரித்தார். அவள் தலையணைக்கு மேலே ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்த நேரம், திரையில் ட்ரிகர் காணாமல்போன நண்பனைத் தேடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. "அந்தாள் எங்க போனான்னு வாசல்ல தேடுறான் பாரு" என்று மூச்சு வாங்கினாள். அப்பாவுக்குப் புரியவில்லை. விழுந்தவனை விட்டுவிட்டு இவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று என்னைக் கேட்டார்.